அப்பாவின் ஹெரால்டும் பெயின்டரின் நுரையீரலும்

நேத்து ராத்திரி ஒரு நண்பர் வாட்ஸப்பில் வீடியோ ஒண்ணு அனுப்பினார். துருப்பிடிச்ச பழைய ஃபியட் கார், நாற்பது செகண்டில் பளபளன்னு புதுசா மாறுது. பின்னணியில் நல்ல மியூசிக். கடைசியில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏத்தி, கண்ணு கலங்கும் ஒரு பெரியவர். கீழே நண்பர் எழுதியிருந்தார்: "உங்க ஹெரால்டுக்கும் இப்படி ஒண்ணு போடுங்க டாக்டர், பிச்சுக்கும்."

நான் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நடுவில் ஒரு மூணு செகண்ட் வருது. கையில் ஸ்பிரே கன், வாயில் மடிச்சுக் கட்டின கைக்குட்டை, இருபது இருபத்திரண்டு வயசுப் பையன். மூடின ஷெட். அந்த மூணு செகண்ட் எனக்குத் தூக்கம் வர விடலை.

அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க. பழைய வண்டி பிடிச்சவங்க கட்டாயம் படிங்க. உங்களைத் திட்டறதுக்காக எழுதலை. திட்டறதா இருந்தா முதல் திட்டு எனக்குத்தான்.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இப்போ நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிறவங்க பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்த கார். வடிவமைச்சவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961-லிருந்து நம்ம மெட்ராஸில், வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத் தயாரிச்சுது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு. அந்தக் காலத்தில் காருன்னா இந்த மூணுதான்.

எங்க அப்பாவும் டாக்டர். தாமிரபரணிக் கரையோர ஊர் ஒண்ணில் கிளினிக் வெச்சிருந்தார். அவர் வாங்கினது நாலு கதவு வெச்ச மார்க் 3. செகண்ட் ஹேண்ட்தான். இந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. இங்கிலாந்துக்காரன் கடைசி வரைக்கும் ரெண்டு கதவோட நிறுத்திட்டான். ஜோரா சொல்லிக்கலாம். ஆனா பின் கதவுக்கு ஒரு ரப்பர் வேணும்னா உலகத்தில் எங்கேயும் கிடைக்காதுன்னு பதினைஞ்சு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது.

ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 25 அடி வட்டத்துக்குள்ளே திரும்பிடும். முன் சக்கரம் அவ்வளவு ஒடியும். ராத்திரி ரெண்டு மணிக்கு எவராவது வந்து கதவைத் தட்டி "பிள்ளைத்தாச்சிக்கு முடியலை ஐயா"ன்னு சொன்னா, அப்பா வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புவார். ரெண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தா ஒண்ணு பின்னால் போகணும், அவ்வளவு குறுகின தெரு. அதில் ஒரே வெட்டில் திருப்பி, பின் சீட்டில் அந்த அம்மாவைப் படுக்க வெச்சு, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோவார். அந்தப் பின் சீட்டில் பிறந்த ஒருத்தர் இன்னிக்கும் எங்க ஊரில் ரேஷன் கடை வெச்சிருக்கார். என்னைப் பார்த்தா வண்டி எப்படி இருக்குன்னுதான் முதல்ல கேட்பார். நான் எப்படி இருக்கேன்னு கேட்கிறதே இல்லை.

1994-இல் அப்பாவுக்குக் கண் பிரச்சினை. வண்டியை ஷெட்டில் விட்டார். 2006-இல் அவர் போனார். வண்டி அங்கேயே நின்னுச்சு. பழைய இரும்புக் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டார். ரெண்டாவது தடவை அம்மா அவருக்கு காப்பி கொடுத்து அனுப்பி வெச்சாங்க. அதுக்கப்புறம் அவர் வரலை.

2009-இல் நான் ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷத்தில் முடிச்சிடலாம்னு நெனச்சேன். 2023 சரஸ்வதி பூஜைக்குத்தான் வண்டி வாசலுக்கு வந்துச்சு. பதினாலு வருஷம்.

ஏன் இவ்வளவு நாள்னு கேட்பீங்க. பணம் ஒரு காரணம். டிரான்ஸ்ஃபர் ஒரு காரணம். 2020-இல் கோவிட் வந்துச்சு. நுரையீரல் டாக்டருக்கு அந்த ரெண்டு வருஷம் எப்படிப் போயிருக்கும்னு விளக்க வேண்டியதில்லை. வண்டி தார்ப்பாய்க்குள்ளே தூங்குச்சு. இதெல்லாம் எல்லாரும் சொல்ற காரணம். சொல்லாத காரணம் ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் வர்றேன்.

அதுக்கு முன்னாடி ட்ரனியன் கதை. ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க இதை மட்டுமாவது படிச்சிட்டுப் போங்க.

முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்துத் தண்டு கீழே மரையோட ஒரு பித்தளைக் கட்டைக்குள்ளே உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் ஒடிக்கிறப்போ அந்த மரையில்தான் சுத்தும். அதுக்குப் பேர்தான் ட்ரனியன். அதுக்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் இல்லை. நம்ம ஊரில் நிப்பிள் இருந்தாலே கிரீஸ் கன்னை வெச்சு அமுக்குறதுதான் வழக்கம். கிரீஸ் கெட்டிப்படும், ஆழத்துக்குப் போகாது. தண்ணி இறங்கி, தண்டு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிஞ்சு சக்கரம் மடங்கிடும்.

எங்க வண்டியோட இடது ட்ரனியனைக் கழட்டினப்போ மரை பாதி இல்லை. அப்பா அந்த வண்டியில் எத்தனை கர்ப்பிணிகளை ஏத்தியிருப்பார்னு யோசிச்சா வயித்தைக் கலக்குது. அந்த ஒரு ஜோடி பாகம் இங்கிலாந்திலிருந்து வந்துச்சு. அங்கே ஹெரால்டுக்கு இன்னிக்கும் புதுசா பாகம் செய்யறாங்க. மத்தது புதுப்பேட்டையில் அலைஞ்சது, கோயம்புத்தூரில் லேத்தில் கடைஞ்சது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2010-இல் ஒரு ஞாயித்துக்கிழமை. பட்டறையில் பிரேக் வேலை. நாலு சக்கரமும் டிரம் பிரேக்தான். என் மெக்கானிக் அண்ணாச்சி ஒரு டிரம்மைக் கழட்டினார். உள்ளே சாம்பல் கலர் பொடி அப்பிக் கிடக்குது. ஹெல்ப்பர் பையனைக் கூப்பிட்டு, "ஏ, ஏர் அடிடா"ன்னார். பையன் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து ஒரு அடி அடிச்சான். பொடி அவன் முகத்துக்கு வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டான், வாயை மூடலை. நாலு சக்கரத்துக்கும் அதே.

நான் மூணடி தள்ளி நின்னேன். கையில் டீ. டிரம்மில் கோடு விழுந்திருக்கான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கால பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. இதை நான் எங்கேயோ படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் படிஞ்ச நுரையீரலோட எக்ஸ்ரேவை வெச்சு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன். சரியா மூணு நாளைக்கு முன்னாடிதான் எடுத்திருந்தேன். அன்னிக்கு ராத்திரி படுக்கையில்தான் புத்திக்கு எட்டுச்சு. ஒரு நுரையீரல் டாக்டர் முன்னாடி ஒரு பையன் அதைச் சுவாசிச்சான், நான் டிரம்மைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

இதில் பயமுறுத்த விரும்பலை, உள்ளதைச் சொல்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனுஷனுக்குப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்னு முதல் பிரிவில் வெச்சிருக்கு. நோய் வர இருபதிலிருந்து ஐம்பது வருஷம்கூட ஆகலாம். ஆனா பிரேக் மெக்கானிக்குகளுக்கு அந்த ஆபத்து எவ்வளவுங்கிறதில் ஆய்வாளர்களுக்குள்ளே சண்டை இருக்கு. கப்பல் கட்டுற இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை செஞ்சவங்க அளவுக்கு இவங்ககிட்ட பார்க்கலைன்னு பல ஆய்வுகள் சொல்லுது. பிரேக் சூட்டில் நார் பெரும்பாலும் உருமாறிடுதுன்னு ஒரு விளக்கம். சரி, இருக்கட்டும். சண்டை முடியற வரைக்கும் அந்தப் பையன் ஏன் அதைச் சுவாசிக்கணும்? ஒரு வாளித் தண்ணியில் சோப்பைக் கலந்து, ஈரத் துணியால் துடைச்சு, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டா முடிஞ்சுது. செலவு அஞ்சு ரூபாய். கூடுதலா பத்து நிமிஷம்.

அடுத்த வாரம் போய் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "டாக்டரே, நாற்பது வருஷமா ஏர்தான் அடிக்கேன். எனக்கு என்ன ஆச்சு?" ஒண்ணும் ஆகலைதான். எங்க ஓ.பி.க்கு வர்ற ஒவ்வொரு பீடிக்காரரும் எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்ச ஒரு தாத்தாவைப் பத்திச் சொல்வார். வாதாடலை. வாளியும் துணியும் நானே வாங்கி வெச்சேன். என் வண்டிக்கு மட்டுமாவது இப்படின்னு கேட்டுக்கிட்டேன். மனுஷன் தங்கமானவர், சரின்னுட்டார். கொஞ்ச நாளில் எல்லா வண்டிக்கும் அப்படியே பண்ண ஆரம்பிச்சார். என் பேச்சைக் கேட்டு இல்லை, தரையைக் கூட்டுற வேலை குறையுதாம்.

இதுவரைக்கும் சொன்னது ஏறக்குறைய நல்லபடியா முடிஞ்ச பகுதி.

அடுத்தது சேஸிஸ். ஹெரால்டுக்கு தனிச் சேஸிஸ், அது மேலே பாடி போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பானெட் மொத்தமா முன்பக்கம் சாயும், இன்ஜின் பக்கத்தில் டயர் மேல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பாடியைத் தூக்கி வெச்சிட்டு சேஸிஸைப் பார்த்தா, ஓரக் கைகள் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குது. துருவை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் பண்ணணும்னாங்க. ஊருக்கு வெளியே ஒரு இடம். போய்ப் பார்த்தா ஆத்து மணலைச் சலிச்சு, காத்தழுத்தத்தில் அடிக்கிறாங்க. புகைமூட்டத்துக்குள்ளே ரெண்டு ஆள், தலையில் சாக்கு, கண்ணுக்குக் கண்ணாடி.

மணல்னா சிலிக்கா. அதை அழுத்தத்தில் அடிச்சா கண்ணுக்குத் தெரியாத தூளா உடையும், நேரா நுரையீரலோட கடைசிக் காத்துப் பை வரைக்கும் போகும். அங்கே தழும்பு விழும். சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்த எங்ககிட்ட மருந்து இல்லை. வந்தவருக்கு டி.பி. வர்ற வாய்ப்பும் பல மடங்கு ஏறும். இதே காரணத்துக்காக பிரிட்டனில் 1950 வாக்கிலேயே மணல் வெச்சு பிளாஸ்டிங் பண்றதைத் தடை பண்ணிட்டாங்க. ட்ரையம்ஃப் ஹெரால்டு பிறக்கவே இன்னும் ஒன்பது பத்து வருஷம் இருந்துச்சு அப்போ!

அங்கே நான் வேலை கொடுக்கலை. சேஸிஸைத் திரும்பக் கொண்டுவந்தேன். அப்புறம் கார்னெட் கல்லைத் தூளாக்கி, அடைச்ச கேபினுக்குள்ளே அடிக்கிற ஒரு இடம் தெரிய வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மடங்கு காசு. சொல்லாத காரணம்னு மேலே சொன்னேனே, அதில் இது முதல் வருஷம்.

இதை எழுதுறப்போ எனக்கே ஒரு நெளிவு வருது, ஏதோ நல்லவன் மாதிரி. இருங்க, அடுத்தது படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

பெயின்ட் வேலை 2017-இல் ஆரம்பிச்சுது.

அப்பாவோட வண்டி வெளிர் நீலம். முதல்ல அடிச்சிருந்தது என்.சி. பெயின்ட். பழைய ஆளுங்க டூகோன்னு சொல்வாங்க. அடிச்சு, காய விட்டு, வாட்டர் பேப்பர் போட்டு, திரும்ப அடிச்சு, கடைசியில் பாலிஷ் போட்டுத்தான் அதில் பளபளப்பு வரும். பெயின்டர் தம்பி ஒருத்தர், முப்பது வயசு இருக்கும், கை சுத்தமான வேலைக்காரர். அவர் கேட்டார், "சார், என்.சி. போடவா, டூ-கே போடவா?" டூ-கேன்னா ரெண்டு டப்பா. ஒண்ணில் பெயின்ட், ஒண்ணில் ஹார்ட்னர். கலந்து அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும், வருஷக்கணக்கில் மங்காது.

நான் டூ-கேன்னு சொன்னேன். யோசிக்கவே இல்லை. போட்டோவில் நல்லா இருக்கும்னு சொன்னேன். அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கு.

அந்த ஹார்ட்னரில் இருக்கிறது ஐசோசயனேட். பேரைக் கேட்டா போபால் ஞாபகம் வரும். 1984-இல் அங்கே கசிஞ்சது மீதைல் ஐசோசயனேட். இது அதே பொருள் இல்லை, அவ்வளவு வீரியமும் இல்லை, பயந்துடாதீங்க. ஆனா அதே குடும்பம். ஸ்பிரே பண்றப்போ நுண்துளியா காத்தில் மிதக்கும். சுவாசிச்சா சிலருக்கு உடம்பு அதை எதிரியா மார்க் பண்ணி வெச்சுக்கும். அப்படி ஒருதடவை ஆகிட்டா, அப்புறம் துளியூண்டு பட்டாலே போதும், மூச்சுக்குழாய் இறுகிடும். பிரிட்டனில் வேலையால வர்ற ஆஸ்துமாவுக்குப் பல வருஷமா முன்னணிக் காரணங்களில் இதுவும் ஒண்ணு. வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறவங்கதான் அதில் அதிகம் மாட்டுறவங்க.

இதுவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கேன். ஆனா பட்டறை வாசலில் கால் வெச்சதும் நான் டாக்டர் இல்லை, வண்டிக்காரன்.

நம்ம தம்பி கட்டியிருந்தது கைக்குட்டை. கோவிடுக்கு முன்னாடி அது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெட்டி என்-95 வாங்கிக் கொடுத்தேன், பெரிய உபகாரம் மாதிரி. என்-95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. டூ-கே ஸ்பிரேக்கு அது போதாது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. ஐசோசயனேட்டுக்குச் சரியான வாசனை கிடையாது, கார்ட்ரிட்ஜ் எப்போ தீர்ந்துச்சுன்னு போட்டிருக்கிறவனுக்கே தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காத்தைக் குழாய் வழியா கொடுக்கிற முகமூடிதான் சரி. அது என்ன விலைன்னு பின்னாடி விசாரிச்சேன். முன் பம்பருக்கும் ஹெட்லைட் வளையத்துக்கும் குரோம் போட நான் கொடுத்த காசைவிடக் கம்மி.

2018 ஜூன் மாசம் தம்பி என் ஓ.பி.க்கு வந்தார். தனியா வரலை, சம்சாரம் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ராத்திரியானா இருமல், நெஞ்சை இறுக்குது, ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிறார். வேற இடத்தில் காட்டி இருமல் மருந்து குடிச்சாச்சு. சளிப் பரிசோதனை, டி.பி. இல்லை. எக்ஸ்ரே சுத்தம்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?"

அவரு யோசிச்சார். அந்தம்மா சொன்னாங்க: "பொங்கலுக்கு அஞ்சு நாள் எங்கம்மா வீட்டுக்குப் போனோம் சார். அங்கே நல்லா தூங்கினாங்க."

டாக்டர் நண்பர்களுக்கு: இந்தக் கேள்வியை விடாதீங்க. ஆஸ்துமா புதுசா வந்த எந்தப் பெரியவர்கிட்டயும் என்ன வேலை, லீவில் எப்படி இருக்குன்னு கேளுங்க. வேலையால வர்ற ஆஸ்துமா பல சமயம் வேலை நேரத்தில் வராது. சாயங்காலம், ராத்திரிதான் வரும். அதனால் யாரும் வேலையோட முடிச்சுப் போடறதில்லை.

பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு கொடுத்து, நாலு வாரம், ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தார். அழகான கையெழுத்து. வேலை நாளில் இறங்குது, ஞாயிறு ஏறுது. நடுவில் ரெண்டு நாள் பலமா இறங்கியிருக்கு. அந்தத் தேதிக்கு நேரா, தானே பக்கத்தில் எழுதியிருக்கார்: "டாக்டர் சார் கார், டிக்கி."

என் வண்டியால மட்டும்தான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பத்து வருஷமா அந்த வேலை பார்க்கிறவர், மாசத்துக்கு நாலஞ்சு வண்டி. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கிட்டேன். உண்மைதான். ஆனா அந்த நோட்டு என் மேஜை டிராயரில்தான் இருக்கு.

இந்த நோய்க்கு முதல் மருந்து, அந்தப் பெயின்ட்டை விட்டு விலகுறது. இன்ஹேலர் ரெண்டாவதுதான். சீக்கிரம் விலகினா தேற வாய்ப்பு அதிகம். விலகாம மருந்தில் ஓட்டினா நிரந்தரமாயிடும். விலகினாலும் பலருக்கு முழுசா போறதில்லை. இதை அவர்கிட்ட சொல்றப்போ எனக்கு வார்த்தை வரலை. "தொழிலை விட்டுடு"ன்னு முப்பத்தோரு வயசுக்காரர்கிட்ட, ரெண்டு பிள்ளை இருக்கிறவர்கிட்ட, சொல்றது லேசு இல்லை. அதுவும் அவர்கிட்ட தொழில் வாங்கினவனே சொல்றது.

பட்டறையில் மொத்தம் ஆறு பேர். பத்துப் பேர் இருந்தாத்தான் இ.எஸ்.ஐ. கட்டாயம். அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. நஷ்ட ஈடு, தொழில் நோய்ப் பட்டியல் இதெல்லாம் சட்டப் புஸ்தகத்தில் இருக்கு, ஆறு பேர் பட்டறைக்கு அது வந்து சேர்றதில்லை. நம்ம நாட்டில் பழைய கார்களைப் புதுப்பிக்கிற வேலை முக்கால்வாசி நடக்கிறது இப்படிப்பட்ட ஆறு பேர், நாலு பேர் பட்டறைகளில்தான். நீங்க கண்காட்சியில் பார்க்கிற பல வண்டிகளும் அங்கிருந்துதான் வருது.

இப்போ என் கருத்தைச் சொல்லிடறேன். ஒரு வண்டியைப் புதுப்பிக்க எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா நாம ஒரு தொகை சொல்றோம். எனக்கு எட்டரை லட்சம் ஆச்சு. அந்தக் கணக்கில் அந்தத் தம்பியோட மூச்சு இல்லை. அது பட்டறை ஓனர் பொறுப்புன்னு கை கழுவ முடியாது. பட்டறைக்காரர் வண்டிக்கு ரேட் பேசறப்போ அடிச்சுப் பேரம் பேசி அஞ்சாயிரம் குறைச்சது யாரு? நான்தான். அந்த அஞ்சாயிரத்தில்தான் எக்ஸாஸ்ட் ஃபேனும் மாஸ்க்கும் போச்சு. அம்பாசடரோ ஃபியட்டோ ஹெரால்டோ, பிழைப்புக்காக யாரும் இதைப் புதுப்பிக்கலை. ஆசைக்குத்தான். என் ஆசைக்கு இன்னொருத்தர் நுரையீரல் எதுக்கு?

இதை ஒரு கார் நண்பர்கள் குழுவில் சொன்னப்போ ஒருத்தர் கோபப்பட்டார். "இப்படி எல்லாம் பேசினா பழைய வண்டி எல்லாம் இரும்புக் கடைக்குத்தான் போகும். அந்தப் பையனுக்கும் வேலை போகும். அப்புறம் அவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனா நான் சொல்றது வேலையே கொடுக்காதீங்கன்னு இல்லை. குரோமுக்குக் கொடுக்கிற காசை முகமூடிக்குக் கொடுங்கங்கிறதுதான்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு ஒரிஜினல் பைத்தியம். ஸ்க்ரூ கூட அந்தக் காலத்து ஸ்க்ரூவா இருக்கணும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதியும் அதைத்தான் கேட்குது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறக் கூடாது. பதிவாச்சுன்னா வி.ஏ. வரிசையில் நம்பர். ஆனா பெயின்ட்னு வந்தா மட்டும் ஒரிஜினல் பேச்சே இல்லை, எல்லாருக்கும் டூ-கே! 1969 வண்டி எதுவும் வண்டலூரிலிருந்து அப்படி மின்னிக்கிட்டு வரலை. அன்னிக்கு ஒரிஜினலா என்.சி. பெயின்ட்டுன்னு சொல்லியிருந்தா ஐசோசயனேட்டே வந்திருக்காது. என்.சி.யும் அமிர்தம் இல்லை, அதோட தின்னர் தலையைச் சுத்த வைக்கும், காத்தோட்டம் வேணும், நெருப்பு பயமும் உண்டு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்காது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டுக்குத்தான் 2017-லிருந்து 90 பி.பி.எம். வரம்பு வந்துச்சு, வண்டிப் பெயின்ட் அந்த விதிக்குள்ளே வராது. காய்ஞ்ச பேப்பர் போட்டுத் தேய்க்காம தண்ணி விட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. வேலைத் துணியோட வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. பிள்ளைங்க மூளைக்குத்தான் ஈயம் ரொம்பக் கெடுதல். பெட்ரோலில் ஈயத்தை 2000-இல் நிறுத்தினதே அதுக்காகத்தான். ("அப்போ வால்வு சீட் தேயுமே"ன்னு கேட்பாங்க. கெட்டியான சீட் போட்டுக்கலாம், நான் போட்டுட்டேன். இப்போ இ-20 பெட்ரோலுக்காக ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்திக்கிட்டு இருக்கேன், அந்தப் புலம்பல் இன்னொரு நாள்.)

பழைய வண்டி புகை கக்குதே, அதைப் பத்தி ஒரு நுரையீரல் டாக்டர் பேசலையேன்னு சிலர் கேட்பீங்க. கக்குது. ஒரு கிலோமீட்டருக்குன்னு பார்த்தா இப்போ வர்ற கார்களைவிடப் பல மடங்கு மோசம். நான் வருஷத்துக்கு நானூறு கிலோமீட்டர்கூட ஓட்டறதில்லை. அதுக்காக அது சுத்தம்னு சொல்ல மாட்டேன். அப்பா ஞாபகத்துக்காக நான் பண்ற ஒரு தப்பு அது, அவ்வளவுதான்.

தம்பி இப்போ எப்படி இருக்கார்னு கேட்பீங்க. பட்டறையை விட்டு ஒரு பெயின்ட் கடையில் கலர் மேட்சிங் பண்றார். கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லும், இவர் கண்ணு இன்னொண்ணு சொல்லும், கடைசியில் இவர் சொல்றதுதான் சரியா வரும். ஹார்ட்னர் டப்பாவைத் திறக்கிறது மட்டும் வேற ஆள். சம்பளம் முன்னைவிடக் கம்மி. கொஞ்ச நாள் வித்தியாசத்தை நான் கொடுத்தேன். பிறகு அவரே வேண்டாம்னுட்டார். இன்ஹேலர் இன்னும் போகலை, டோஸ் குறைஞ்சிருக்கு. மழைக்காலத்தில் கொஞ்சம் கஷ்டப்படறார்.

அவர் விட்ட இடத்தில் வண்டி ரெண்டு வருஷம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் கோவிட். அப்புறம்தான் காத்துக் குழாய் முகமூடி வெச்சிருக்கிற ஒரு பட்டறையைத் தேடிப் பிடிச்சு மிச்சத்தை முடிச்சேன். மூணு கதவு, கூரை, பானெட். டூ-கேதான், கலர் ஒட்டணுமே. நாலாவது கதவை, பின்னாடி இடது பக்கம், அவங்ககிட்ட கொடுக்கலை.

அது அப்பா கர்ப்பிணிகளை ஏத்தின பக்கம். உள்பக்கக் கைப்பிடிக்குப் பக்கத்தில் பழைய நீலம் அப்படியே இருக்கு, நகக் கீறலோட. வெளிப்பக்கம் பிரைமர். 2023 சரஸ்வதி பூஜை அன்னிக்குத் தம்பியைக் குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தேன். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். அந்தக் கதவு முன்னாடி நின்னு, விரலால தடவி, "இதுக்கு என்.சி. கலர் நான் மேட்ச் பண்ணித் தர்றேன் சார். பக்கத்துக் கதவோட ஒட்டாது, பரவாயில்லையா?"ன்னு கேட்டார்.

பரவாயில்லைன்னேன். டப்பா வந்து ஷெட்டில் இருக்கு. கையால அடிக்கிறதா, கன் வெச்சு அடிக்கிறதான்னு இன்னும் முடிவு பண்ணலை. வீடியோ கேட்ட நண்பருக்கு அந்தக் கதவு போட்டோவைத்தான் காலையில் அனுப்பினேன். "இன்னும் முடியலையா?"ன்னு பதில் போட்டிருக்கார்.